டாமிக்குக் கட்டிய கடற்கரைக் கோயில்

"படத்துல மீனப் பாத்து பாஸ் பண்ணவ நீ. நெசமான மீன் ஒண்ண உயிரோட வெச்சிக் காட்டு. அப்பால மேல படிக்கறதப் பத்திப் பேசிக்கலாம்."

சொன்னவர் என் நைனா. படாளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மீனை. கூடத்தின் நடுவே வைத்திருந்த சின்னக் கண்ணாடித் தொட்டிக்குள் அது திரும்பக்கூட இடமில்லாமல் நின்றது. மீனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி அதிருப்தி.

நான் அப்போதுதான் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் வந்து விலங்கியலில் பட்டம் முடித்திருந்தேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டு. அண்ணன் தேவா, இரண்டாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பை எடுத்த அன்று ஜன்னல் வழியாகக் குதித்தவன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆகவே எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடத்துக்குள் வாசல் வழியாகப் போய், வாசல் வழியாகவே வெளியே வந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை நான் அடக்கமாக வைத்துக்கொண்டேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். காக்காய்க்கு லத்தீன் பெயர் சொல்லிவிட்டுத்தான் சோறு வைப்பேன். கோழிக் குழம்பில் ஒவ்வொரு துண்டையும் கரண்டியில் எடுத்து, இது எந்த உறுப்பு, என்ன வேலை செய்யும் என்று விளக்குவேன். "கொழம்ப ஊத்தட்டுமா, இல்ல பாடம் இன்னும் கீதா?" என்று அம்மா கரண்டியோடு காத்திருப்பாள்.

சென்னையில் ஒரு கல்லூரியில் எனக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். போகலாமா கூடாதா என்பது நைனாவின் வாயில் இருந்தது. அந்த வாயிலிருந்து ஒரு வாரமாக எதுவும் வரவில்லை. கடைசியில் வந்தது இந்த மீன் வாக்கியம்.

நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் வாயால் சொல்வதுதான் அவருக்குக் கையெழுத்து. சொன்னால் மாற மாட்டார். மீன் அந்தத் திங்கட்கிழமை வரை உயிரோடு இருந்தால் நான் சென்னைக்கு. செத்தால் நான் படாளத்துக்கு. கணக்கு அவ்வளவுதான்.

மீன் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். (பழைய மாமல்லபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் போட்டி போட்டு முளைத்த காலம். வயலாக இருந்த இடத்தில் வாட்ச்மேன் நிற்பார்.) அவன் வேனில் வரும் இன்ஜினியர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பினார். எல்லோருக்கும் விசா கிடைத்தது, மீனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. "தேவா, உன் தங்கச்சி விலங்கியல் படிச்சவங்கன்னு சொல்லுவியே. அவங்ககிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாராம் இன்ஜினியர். இந்த ஒரு வாக்கியம் போதாதா எனக்கு? ஊருக்குள் என்னை அப்படி யாருமே சொன்னதில்லை. மீன் எவ்வளவு பெரிசு, என்ன சாப்பிடும், எதையும் கேட்காமல் "எடுத்துட்டு வாண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

வந்தது ஆஸ்கர் என்ற மீன். தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் சிக்லிட் இனத்தில் பெரிய வகை. ஒரு சாண் என்று நினைத்திருந்தேன். வந்தது முழங்கைக்குக் கொஞ்சம்தான் குறைவு. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், அணைந்தும் அணையாத அடுப்புக்கரி மாதிரி. ஆளைக் கண்டால் நாய் போல ஓடி வருமாம்; அதனால் இன்ஜினியர் வைத்த பெயர் டாமி.

அம்மா அதைத் தலையிலிருந்து வால் வரை அளந்து பார்த்தாள். "கொழம்பு வெச்சாலும் ஒரு வேளைக்குத்தான் வரும்" என்றாள்.

"அம்மா!"

"சொம்மா சொன்னேன்டி. இன்னும் பச்ச மொளகாகூட கிள்ளல."

செங்கல்பட்டு நூலகத்திலிருந்து மீன் வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ஒரே மூச்சில் படித்தேன். டாமி இருந்த தொட்டி அதற்குச் சிறைக்கூண்டு. பெரிய தொட்டி வேண்டும், தண்ணீரைச் சுத்தம் செய்ய நல்ல மோட்டார் வேண்டும், குதிக்காமல் இருக்க மூடி வேண்டும். செங்கல்பட்டில் அண்ணனுக்குத் தெரிந்த கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அளவைக் கேட்டதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"நாலரை அடியா? இன்னாம்மா, ஸ்வீட் ஸ்டால் வெக்கிறீங்களா?"

"மீனுக்கு."

"ஓ, மீன் யாவாரமா?"

"வளக்கறதுக்கு."

"எத்தினி மீனு?"

"ஒண்ணு."

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணாத்த, வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

தொட்டி வந்தது. கூடத்துச் சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் ஏறியது. ஜல்லிக் கூழாங்கல்லை அம்மா அரிசி மாதிரி களைந்து களைந்து கொடுத்தாள். (பழக்க தோஷம், கடைசியில் கல் வேறு பொறுக்கினாள். கல்லிலிருந்து கல்!) கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். பழைய தொட்டியின் ஃபில்டரிலிருந்த அழுக்குப் பஞ்சை அப்படியே புது ஃபில்டருக்குள் வைத்தேன். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் நுண்ணுயிர்கள் அந்த அழுக்கில்தான் இருக்கின்றன.

"அழுக்கப் போட்டா தண்ணி சுத்தமாவுமா? இதுக்கா மூணு வருசம் பஸ் பாஸ் எடுத்த?" என்று அம்மா கேட்டாள்.

ஆனால் சுத்தமானது. தண்ணீர் கண்ணாடி போல் நின்றது. டாமியை மெதுவாக இறக்கினேன். முதல் இரண்டு நாள் ஒரு மூலையில் பக்கவாட்டில் சரிந்து படுத்துக்கொண்டது. என் எம்.எஸ்ஸி.யும் அதன் பக்கத்தில் சரிந்து படுத்துக்கொண்டது. இந்த வகை மீன்களுக்கு இடம் மாறினால் கோபம் வரும், செத்தது போல் படுத்து அடம் பிடிக்கும் என்று புத்தகத்தில் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாம் நாள் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல் மண்புழு தின்றது.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். இங்கேயே நிறுத்தியிருந்தால் உங்களிடம் சொல்ல எனக்கு எந்தக் கதையும் இருந்திருக்காது.

ஆனால் தொட்டி வெறிச்சென்று இருந்தது. இன்ஜினியர் கொடுத்தனுப்பிய அலங்காரம் ஒன்று உண்டு, பச்சை பிளாஸ்டிக்கில் ஏதோ வெள்ளைக்காரக் கோட்டை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாமல்லபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கோட்டையா? அண்ணனின் சிநேகிதர் ஏழுமலை அங்கே சிற்பப் பட்டறை வைத்திருந்தார். வேனை எடுத்துக்கொண்டு போனோம். சாலையின் இரண்டு பக்கமும் உளிச் சத்தம். பட்டறையின் பின்பக்கம், புத்தர்களுக்கும் பிள்ளையார்களுக்கும் நடுவே, கருங்கல்லில் ஒரு கடற்கரைக் கோயில் நின்றது. முட்டி உயரம். கலசம் கொஞ்சம் உடைந்ததால் வாங்க வந்தவர் வேண்டாம் என்று விட்டுப் போனதாம்.

"இதுதான்" என்றேன்.

"தோட்டத்துல வெக்கிறதும்மா இது" என்றார் ஏழுமலை.

"மீன் தொட்டிக்கு."

"மீனு எத்தினி பேரு வந்து கும்புடும்?" என்று கேட்டுவிட்டு, அவரும் அண்ணனும் ஆட்டுக்கல் தூக்குவது போல் மூச்சுப் பிடித்து அதை வேனில் ஏற்றினார்கள்.

கடற்கரைக் கோயில் என்றால் மணல்மேட்டில் நிற்க வேண்டும் அல்லவா? கூழாங்கல்லைக் குவித்து அழகான மேடு செய்து, அதன் உச்சியில் கோயிலை வைத்தேன். கனமான கல்லை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் கூழாங்கல் போட வேண்டும். ஏனென்றால் இந்த மீன்கள் தோண்டும். இது புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன். பரீட்சை வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

கோயில் வந்ததும் வீட்டின் சட்டதிட்டங்கள் மாறின. மறுநாள் காலை தொட்டிக் கண்ணாடியில் மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. வெள்ளிக்கிழமை தொட்டிக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அத்தோடு விடவில்லை. கூடத்தில் கோயில் இருப்பதால் கூடத்தில் கவுச்சி கூடாது என்று அறிவித்தாள். நைனா மீன் குழம்புத் தட்டோடு கிணற்றடிக்குத் துரத்தப்பட்டார்.

"ஏன்டி, மீனு வளக்கிற வூட்ல மீனு துன்னக் கூடாதா?"

"அது பாத்துகினு கீது. அதும் எதிர்ல அதும் சாதிய துன்னுவியா? வெளிய போய் துன்னு."

நைனா கிணற்றடியில் தட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் எம்.எஸ்ஸி. இன்னும் ஒரு படி கீழே இறங்கியது.

டாமி தோண்ட ஆரம்பித்தது. வாய் நிறையக் கூழாங்கல்லை அள்ளும், அந்தக் கோடிக்குப் போய்த் துப்பும், திரும்பி வரும். தினமும் காலையில் தொட்டியின் ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் குன்று. நான் கவலைப்பட்டேனா? கையில் குச்சியை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். பால் வாங்க வருபவர்கள், தபால்காரர், களையெடுக்க வந்தவர்கள் என ஒருவரையும் விடவில்லை. "பாருங்க, இது சிக்லிட் மீன்களோட இயல்பான குணம். தரையைத் தோண்டி எல்லை வகுக்கும். எவ்வளவு ஆழமா தோண்டுது பாத்தீங்களா? ரொம்ப ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்." எல்லோரும் தலையாட்டினார்கள். கோயிலின் அஸ்திவாரம் தினமும் ஒரு வாய் குறைவதைப் பற்றித்தான் நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

டாமிக்குத் தெரிந்திருக்கலாம்.

இதற்கிடையே அண்ணனுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு பெண் பார்த்துப் பிடித்துப்போனது. அடுத்தது, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வர வேண்டும். அவர்கள் குறித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கெடு வைத்த திங்களுக்கு முந்தைய நாள். டாமி கொழுகொழுவென்று இருந்தது. நான் மனதுக்குள் பெட்டி கட்டி முடித்துவிட்டேன்.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெண்ணின் சித்தப்பா, வந்த வேகத்திலேயே சுவரைத் தட்டிப் பார்த்து, மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்று கேட்டவர். இன்னொருவர் பெண்ணின் அத்தை, எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்தவர். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தொட்டிக்கு எதிரே வரிசையாகப் போட்டிருந்தோம். (என் ஏற்பாடு.) நான் அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையில் இருந்தேன். அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள்.

"இது இன்னாம்மா மீனு?" என்று சித்தப்பா கேட்டார். மரியாதைக்குத்தான் கேட்டார். எனக்கு அது தெரியவில்லை. குச்சியை எடுத்தேன்.

"இது சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததுங்க. ரொம்பப் பெரிய குடும்பம்..."

"அது இருக்கட்டும்மா. மொதல்ல உங்க குடும்பத்தப் பத்திப் பேசலாம்னு வந்தோம்."

நைனா தொண்டையைக் கனைத்தார். நான் கேட்கவில்லை. செவுள் எப்படி வேலை செய்கிறது என்பதை முடித்து, தோண்டும் பழக்கத்துக்கு வந்திருந்தேன். டாமி எனக்கு ஒத்துழைத்தது. கோயிலின் அடியில் தலையை நுழைத்து, ஒரு வாய் கல்லை அள்ளி, எல்லோரும் பார்க்கும்படி முன்னால் வந்து துப்பியது. அத்தை சிரித்தார். நான் பூரித்துப் போனேன்.

சித்தப்பா தலையைச் சாய்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "ஏம்மா, கோயிலு சாஞ்சிகினு கீதே. டிசைனே அப்படியா?"

பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. அந்த நொடியில் கையை உள்ளே விட்டுப் பிடித்திருக்கலாம். அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எதிரே நாற்காலி வரிசை, கையில் குச்சி, உடம்பில் பட்டு. "தெரியாது" என்ற சொல் அன்றைக்கு என் அகராதியில் இல்லை.

"ஆமாங்க. கடல் அரிப்பைக் காட்டறதுக்காக அப்படிச் செதுக்கியிருக்காங்க" என்றேன்.

டாமி இன்னொரு வாய் அள்ளியது.

கோயில் மெதுவாக, ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் பின்னால் சாய்வது போல நிதானமாகச் சாய்ந்தது. உடைந்த கலசம் முன் கண்ணாடியைத் தொட்டது. 'டொக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். கண்ணாடியில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது. சித்தப்பா "இதுவும் டிசை..." என்று ஆரம்பித்தார்.

நாலரை அடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதைக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது உணர முடியாது. வெளியே வரும்போதுதான் தெரியும். முதல் அலையில் சித்தப்பா நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனார். இரண்டாவது அலையில் கேசரித் தட்டு கிளம்பியது. பஜ்ஜிகள் அணிவகுத்து வாசலை நோக்கிப் போயின. வாசலில் கழற்றி வைத்த அவர்களின் செருப்புகள் படியிறங்கி முற்றத்துக்குப் போய்விட்டன. "மெயின! மெயின ஆஃப் பண்ணு!" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள், கோயில் விழுந்துவிட்டதே என்று.

"மீனு எங்க?" என்று நைனா கேட்டார்.

அதை அவர் ஏன் கேட்டார் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தை நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். "இங்க கீது! எங்கால்கிட்ட கீது! வாய வாயத் தொறக்குது!"

டாமி நாற்காலிக்கு அடியில் துள்ளிக்கொண்டிருந்தது. உலர்ந்த கையால் பிடித்தால் உடம்பு உரியும். நனைந்து கிடந்த முந்தானையைத் தரையிலேயே விரித்து, அதற்குள் டாமியைச் சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடினேன். எங்கே போகிறேன் என்று ஓடும்போதுதான் தீர்மானித்தேன். வயலில் பம்ப்செட் தொட்டி இருக்கிறது. நாங்கள் எல்லோரும் இறங்கிக் குளிக்கும் அளவு பெரிய சிமெண்ட் தொட்டி. கட்டிப் பல வருஷம் ஆகிப் பாசி பிடித்தது. புதுச் சிமெண்டின் காரம் எல்லாம் எப்போதோ போயிருக்கும். நாலரை அடிக்குப் பதில் பத்தடி. இதை முதல் நாளே ஏன் நினைக்கவில்லை என்று கேட்காதீர்கள். அதில் கோயில் வைக்க முடியாது.

வரப்பில் பட்டுப்புடவையோடு நான் முன்னால். எனக்குப் பின்னால் நைனா, அண்ணன், அம்மா. அவர்களுக்குப் பின்னால், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று, பெண் வீட்டார் மொத்தமும் வெறுங்காலோடு. சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, என்ன சாமி ஊர்வலம் என்று கேட்டாராம்.

டாமியைத் தண்ணீரில் விட்டேன். அது அப்படியே இறங்கி, அடியில் பக்கவாட்டில் சரிந்து படுத்தது. அசையவில்லை.

தொட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். சித்தப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாகல" என்றேன். "கோவிச்சிக்கினு கீது. எடம் மாறினா இது இப்படித்தான் படுக்கும். புக்குல போட்டுக்கீது." (பதற்றத்தில் எழுத்துத் தமிழெல்லாம் போய்விட்டது.)

"மீனு கோவிச்சிக்குதா?" என்றார் நைனா. "செத்த மீனு அத்தினியும் அப்ப கோவமாத்தான் கீதா? மார்க்கெட்ல போய் சமாதானம் பண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதுவரை அண்ணனின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உறைக்கவே இல்லை. திரும்பி, "எங்கண்ணன் ரொம்ப நல்லவன்ங்க. நான்தான் இப்படி" என்றேன்.

அத்தை என் ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டார். சித்தப்பா தன் காலைப் பார்த்தார். கூடத்துத் தண்ணீரில் வெளுத்துப்போயிருந்த காலில் இப்போது வரப்புச் சேறு.

"எத்தினியோ சம்பந்தி வூட்டுக்குப் போயிருக்கேன். கால் கழுவ சொம்புல தண்ணி குடுப்பாங்க" என்றார். "தொட்டியோட ஊத்துனது நீங்கதான். பொண்ண குடுக்குறோம்யா. ஆனா நாத்தனாரு கையில குச்சி குடுக்கக் கூடாது."

கல்யாணம் நிச்சயமானது. என் விஷயம் ஆகவில்லை. அன்று மாலை மூன்று தடவை தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன். டாமி அதே இடத்தில், அதே சாய்வில். கோபமா மரணமா என்பதை வெளியிலிருந்து சொல்லும் வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது நான் போகவில்லை.

திங்கட்கிழமை காலை நைனா துண்டும் சோப்புமாகப் பம்ப்செட்டுக்குக் கிளம்பினார். போகும்போது மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார். "தென்ன மரத்தாண்ட பொதச்சிடறேன். தண்ணி நாறிடும்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. சமையலறையில் உட்கார்ந்து, படாளத்தில் டிகிரி முடித்தவள் என்னென்ன வேலை செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அய்யய்யோ!"

ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும். நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். நைனா தொட்டியின் விளிம்பில் சோப்பு நுரையோடு, வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சு நைனா?"

"கடிச்சிடுச்சிடி!"

"எது?"

"ஒம் மீனுதான்! தூக்கலாம்னு கைய வுட்டேன். லபக்குனு கவ்விடுச்சி!"

"செத்த மீனா?"

தொட்டிக்குள் டாமி தலையைத் தூக்கி, அடுத்த விரல் எப்போது வரும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

"தொட்டி ஒடஞ்சிதே" என்று நைனா கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"தொட்டி ஒடையக் கூடாதுன்னு நீ சொல்லலயே. மீன் உயிரோட இருக்கணும்னுதான சொன்ன?"

அவர் விரலைப் பார்த்தார். ஒரு சின்னச் சிராய்ப்பு, ஒரு பொட்டு ரத்தம். வாயால் சொன்னதற்கு விரலால் சாட்சி வந்துவிட்டது. "தேவா, வண்டிய எடுறா. அவள கூட்டிகினு போ. இருட்றதுக்குள்ள திரும்பி வந்துடுங்க" என்றார். அம்மா விரலுக்கு மஞ்சள் வைத்துத் துணி சுற்றி முடிப்பதற்குள் நான் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

டாமி பம்ப்செட் தொட்டியிலேயே பல வருஷம் இருந்தது. அங்கே அதற்கு மேலே தினமும் தண்ணீர் கொட்டியது, பழசு வழிந்து வயலுக்குப் போனது, இடமோ தாராளம். ஒரு பெரிய சிக்லிட்டுக்கு வேறென்ன வேண்டும்? நைனா அதற்கு மண்புழு கொண்டுபோய் நீட்டுவார், இடது கையால். அண்ணி வந்த பிறகு கதை அவர் பொறுப்பில் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், செருப்பை வெளியே விட வேண்டாம், கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்பார் அண்ணி. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், குழந்தைகள் முதல் சித்தப்பா வரை எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வார்கள். பொண்ணை எப்படி எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தீர்கள் என்று யாராவது கேட்டால், நைனா பேசவே மாட்டார். விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார். தழும்பு என்று அதில் எதுவும் கிடையாது. ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்து, "அட ஆமாம்" என்பார்கள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். தோண்டும் மீன்கள் தரையை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யலாம் என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. (கள அனுபவம் எனக்கு ஓரளவு உண்டு.) போன ஞாயிற்றுக்கிழமை படாளம் போயிருந்தபோது, சாப்பிடும் நேரம் பார்த்து நைனாவிடம் சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இன்னும் மேல படிப்பு கீதா? இதுக்கு மேல வானந்தான கீது?" என்றவர், வலது கையை மெதுவாக மடியில் மறைத்துக்கொண்டார். "இதுக்கு எத்தினி வெரலு கேப்பாங்க?"

"ஒண்ணும் வேணாம் நைனா" என்றேன். "வியாழக்கிழமையே போய் சேந்துட்டேன்."